ஷாக் மாற்றியும் முன்பக்கம் ‘டொக் டொக்’ சத்தம் போகவில்லை. அடுத்து ரேக்கை மாற்றலாமா?

நீங்கள் சொல்லியிருப்பதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். 90,000 கிலோமீட்டர் ஓடிய முன்சக்கர இயக்கக் கார். 20 கிமீ வேகத்தில் கரடுமுரடான பரப்பில் போனால் முன்பக்கம் இடதுபுறத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது. பெரிய வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் வருவதில்லை. பிரேக் பிடிக்கும்போது சில சமயம் ஒரே ஒரு ‘டக்’ கேட்கிறது. முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது, சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் பக்கவாட்டு அசைவாக்கும் பாகத்தை, மாற்றச் சொல்கிறார்கள். ‘ரேக்கை மாற்றலாமா, அதுவரை ஓட்டலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் ரேக்கைப் பற்றிய கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்காமல், எது என்று முதலிலேயே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு நீளமான லிவர், உதவிக்கு ஒரு ஆள், அரை நாள் நேரம் இருந்தால் போதும்.

சத்தத்தை மட்டும் கேட்டு ‘இந்தப் பாகம்தான்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். பத்துப் பாகங்கள் ஒரே மாதிரி ‘டொக்’ என்று ஒலிக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது, சத்தம் எப்போது வருகிறது என்பதுதான். தட்டும் சத்தம் வருகிறது என்றால், இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு பாகங்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. மெக்கானிக்குகள் ‘ஆட்டம் கண்டிருக்கு’ என்பார்களே, அதுதான். இடைவெளி இருந்தால் மட்டும் சத்தம் வராது. ஒரு பக்கம் அழுத்திக்கொண்டிருந்த விசை திசை மாறி மறுபக்கம் தள்ள வேண்டும். அந்தக் கணத்தில்தான் உலோகம் உலோகத்தில் மோதும். ஆகவே காரில் எந்த விசை திசை மாறும்போது சத்தம் வருகிறது என்று பாருங்கள். சக்கரம் மேலும் கீழும் போகும்போதா, பிரேக் பிடித்துச் சக்கரம் பின்னால் தள்ளப்படும்போதா, ஸ்டீயரிங் திரும்பும்போதா, கிளட்சை விட்டு இன்ஜின் இழுக்கத் தொடங்கும்போதா? இந்த நான்கில் எது என்று தெரிந்தாலே சந்தேகப்பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

நீங்கள் எழுதியதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. சத்தம் சக்கரத்தின் மேல்கீழ் அசைவோடு சேர்ந்து வருகிறது, அதனால் இது முதலில் சஸ்பென்ஷன் விஷயம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது வருவதில்லை, தனித்தனியாக ஏறி இறங்கும்போது வருகிறது. இது மிக நல்ல துப்பு. ‘இடதுபுறம்’ என்பதை மட்டும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முன்பக்கத்தின் இரு பக்கங்களும் ஒரே சப்-ஃபிரேமில், அதாவது அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தில், பூட்டப்பட்டவை. வலது பக்கம் தட்டினால் அந்த அதிர்வு குறுக்கே ஓடி இடது பக்கம் தரைத்தகட்டில் ஒலிப்பது சாதாரணம். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நீண்ட சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியில் பக்கம் ஓரளவு தெரியும். எதிர்த்திசையில் வந்து மறுபக்கத்தையும் கேளுங்கள். பிரேக்கில் வரும் ஒற்றை ‘டக்’ இதே கோளாறா, வேறொன்றா என்பதை எழுத்திலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் தனித்தனிக் கோளாறுகளாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டே தேடுங்கள்.

ஜாக்கியை எடுக்கும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று. நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஷாக் மாற்றும்போது முன்சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அதனால் இது முக்கியம். பெரும்பாலான சிறிய கார்களில் 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும், உங்கள் காரின் கையேட்டில் இருக்கும் எண்தான் இறுதி. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது. அப்படியே டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, பானெட்டுக்குள் பேட்டரியின் பிடிப்பு, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். பிடிப்புத் தளர்ந்த பேட்டரி, முன் இடது மூலையில் இருந்தால், நீங்கள் எழுதியிருக்கும் அதே ‘டொக்’ சத்தத்தைத் தரும்.

இனி முதல் சந்தேகம்: ஸ்டெபிலைசர் லிங்க், பலரும் லிங்க் ராடு என்பது. முன்பக்கம் குறுக்கே ஒரு வளைந்த கம்பி ஓடுகிறது. வளைவில் கார் ஒரு பக்கம் சாய்வதைத் தடுப்பது அது. அதன் இரு நுனிகளையும் சஸ்பென்ஷனோடு சேர்ப்பவைதான் இந்த லிங்குகள். ஒரு சாண் நீளமோ அதற்குச் சற்றுக் கூடவோ இருக்கும், பல கார்களில் இரு முனையிலும் சிறிய பந்துமூட்டு இருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே போனால் அந்தக் கம்பி முறுக்கப்படாது. தன்னைப் பிடித்திருக்கும் புஷ் என்ற ரப்பர் உறைக்குள் சும்மா சுழலும், லிங்கில் விசை ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்க் ஒரு நொடி இழுபடும், மறுநொடி அழுந்தும். பந்துமூட்டு தேய்ந்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ‘டொக்’. வேகத்தடையில் சத்தம் இல்லை, கரடுமுரடான பரப்பில் சத்தம் என்று நீங்கள் எழுதியது இதோடு அச்சாகப் பொருந்துகிறது. இதை இன்னும் உறுதிசெய்ய ஜாக்கி இல்லாமலே இரண்டு சோதனைகள் செய்யலாம். சத்தம் வராத அதே வேகத்தடையில் இம்முறை சாய்வாக, ஒரு சக்கரம் முதலிலும் மற்றது பிறகும் ஏறும்படி போங்கள். சத்தம் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டாவது, கரடான பரப்பு உள்ள ஒரு திறந்த இடத்தில் 20 கிமீ வேகத்தில் ஒரே சீராக வட்டம் போடுங்கள். வளைவில் கார் சாய்ந்திருக்கும்வரை கம்பி ஒரே திசையில் முறுக்கியபடி இருக்கும். லிங்கின் ஆட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவதால் சத்தம் குறையும் அல்லது நின்றுபோகும்.

இங்கேதான் பல ஒர்க்‌ஷாப்புகளில் கோட்டை விடுகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, லிங்கைப் பிடித்து ஆட்டி, ‘டைட்டாத்தான் இருக்கு’ என்று முடித்துவிடுவார்கள். ஒரு சக்கரம் தொங்க, மற்றது தரையில் இருந்தால் கம்பி முறுக்கிய நிலையில் இருக்கும். முறுக்கிய கம்பி லிங்கை இழுத்துப் பிடித்திருக்கும்போது, எவ்வளவு தேய்ந்த மூட்டிலும் ஆட்டம் கைக்குத் தெரியாது. முன்பக்கம் இரண்டு சக்கரங்களும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் இருக்க வேண்டும். அப்போது லிங்கின் நடுத்தண்டைப் பிடித்து மேலும் கீழுமாகச் சட்சட்டென்று ஆட்டுங்கள். மறுகையின் விரல் நுனியை மூட்டின் மேல், பாதி லிங்கிலும் பாதி அது பூட்டியிருக்கும் பாகத்திலும் படும்படி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டமும் அந்த விரலுக்குத் தெரியும்: ஒரு பாகம் நகர்கிறது, மற்றது நகரவில்லை, நடுவில் ஒரு சின்ன ‘டிக்’. நல்ல மூட்டு கையால் திருப்பும்போது இறுக்கமாக, மெழுகில் சுழல்வதுபோலச் சுழலும். தேய்ந்தது லொடலொடக்கும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே வந்து மண் ஒட்டியிருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

கையில் சிக்கவில்லை என்றால் கடைசியாக ஒரு தீர்ப்பான சோதனை இருக்கிறது: இரண்டு லிங்குகளையும் முழுதாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் ஸ்டட்டும் சேர்ந்து சுழலும். அதன் நுனியில் ஆலன் சாவிக்கான குழியோ, பின்புறம் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடமோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கழற்றிய பிறகு கம்பியின் நுனிகள் ஆக்சிலிலோ (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பிரேக் ஹோஸிலோ உரசாதபடி பார்த்து, தேவையானால் மெல்லிய கட்டுக்கம்பி போட்டுக் கட்டுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், 30 கிமீ வேகத்துக்கு மேல் போகாமல், வளைவுகளில் இன்னும் மெதுவாக, சத்தம் வந்த அதே இடத்தில் ஓட்டுங்கள். கார் வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும், அது எதிர்பார்த்ததுதான். சத்தம் அடியோடு நின்றுவிட்டால் கோளாறு லிங்கிலோ, கம்பியைச் சப்-ஃபிரேமில் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷிலோ இருக்கிறது. புஷ்ஷைப் பார்க்கக் கம்பியை அதன் அருகில் பிடித்து மேலே தள்ளினால் போதும். கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. இது காரில் செய்யக்கூடிய சோதனைகளிலேயே மிகத் தெளிவான பதில் தருவது. செலவில்லை, சந்தேகத்துக்கு இடமில்லை. ரேக்கைப் பற்றி முடிவெடுக்கும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

லிங்கைக் கழற்றியும் சத்தம் இருக்கிறதென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அண்மையில் கைவைத்த இடத்தை. ஷாக் மாற்றும் முன்பும் சத்தம் இருந்தது என்பதால் பழைய கோளாறு அங்கே உருவானதல்ல. ஆனால் ஷாக்கை மட்டும் மாற்றி, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு சேர்க்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பழையதையே பூட்டிவிடுவது அடிக்கடி நடப்பது. மவுண்ட் என்பது இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஒட்டவைத்த ரப்பர். ஒட்டு விட்டுப்போனால் ஷாக்கின் தலை உள்ளே எகிறி மோதும். பானெட்டைத் திறந்து, உள்ளங்கையை மவுண்ட்டின் உச்சியில் வைத்துக்கொண்டு, உதவியாளரை அந்தப் பக்க ஃபெண்டரை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். கோளாறு அங்கே இருந்தால் கையில் ‘டக்’ என்று அடிக்கும். இதைக் கார் தரையில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் சில வடிவமைப்புகளில் மவுண்ட் சற்றுக் கீழே இறங்கி இடைவெளி தெரியும், அது தேய்மானம் அல்ல. அடுத்து, ஷாக்கின் தண்டை மவுண்ட்டில் பிடிக்கும் நடு நட்டு. இதை ஏர் கன்னால் முறுக்கினால் சில சமயம் தண்டும் கூடவே சுழன்று, முறுகிவிட்டது போலத் தோன்றும். தண்டை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு, டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஷாக்கின் கீழ்முனையை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) பிடிக்கும் போல்டுகளையும் அப்படியே பார்க்க வேண்டும். கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பினால் ‘டொய்ங்’ என்று சுருள் தெறிப்பதுபோல ஒலித்தால், மேல் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது காயில் ஸ்பிரிங்கின் நுனி தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு துண்டு உடைந்து போயிருந்தால் பலருக்குக் கண்ணில் படாமலே போகும், கார் வழக்கம்போல நிற்கும். உடைந்த கூர்நுனி டயரைக் கிழிக்கக்கூடியது, ஆகவே அது தெரிந்தால் அதோடு ஓட்டக் கூடாது.

பிரேக்கில் வரும் ஒற்றை ‘டக்’குக்கு வருவோம். இதற்கு இரண்டு முக்கியச் சந்தேகங்கள், இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. சமதளத்தில் காரைச் சில அடிகள் பின்னால் எடுத்துப் பிரேக் பிடியுங்கள். பிறகு முன்னால் போய்ப் பிரேக் பிடியுங்கள். நிறுத்தாமல் மறுபடி முன்னாலேயே போய் இரண்டாவது, மூன்றாவது முறை பிடியுங்கள். திசை மாறிய முதல் முறை மட்டும் ‘டக்’ கேட்டு, அடுத்தடுத்த முறை கேட்கவில்லை என்றால், பிரேக் பேடுகள் தம் இருக்கையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கின்றன. சிறிய அளவில் இது இயல்பு. பெரிதாகக் கேட்டால் பேடைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் மாட்டப்படாமல் விட்டிருக்கலாம், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் நழுவுபின் தேய்ந்திருக்கலாம். காலிப்பரையும் அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் பிடிக்கும் போல்டுகள் தளர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், அது தள்ளிப்போடக்கூடியதல்ல. முன்னால் போகும் ஒவ்வொரு முறையும் பிரேக்கில் ‘டக்’, பிரேக்கை விட்டுக் கிளம்பும்போது இன்னொரு ‘டக்’ என்றால் அது லோயர் ஆர்ம் புஷ். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழே சப்-ஃபிரேமோடு சேர்க்கும் கை. பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் தள்ளப்படுகிறது, விட்டதும் பழைய இடத்துக்கு வருகிறது, ரப்பர் கிழிந்திருந்தால் இரண்டு முறையும் தட்டும். உதவியாளரை நடைவேகத்தில் ஓட்டிச் சடாரென்று பிரேக் பிடிக்கச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரத்தின் மையத்தைப் பாருங்கள். கிழிந்த புஷ் என்றால் சக்கரம் ஃபெண்டரின் வளைவுக்குள் பின்னால் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் இதன் அடையாளம்.

பிரேக் பாகங்களே கரடுமுரடான பரப்பிலும் தட்டுவது உண்டு, அதையும் சரிபார்த்துவிடலாம். சத்தம் வரும் அதே இடத்தில் 20 கிமீ வேகத்தில் போகும்போது பிரேக் பெடலை மிக லேசாக, பேட் டிஸ்கைத் தொடும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் உடனே நின்றால் பேட் அல்லது காலிப்பர். தொடர்ந்தால் பிரேக்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

புஷ்ஷை லிவர் போட்டுப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ரப்பர் நகர்வதற்காகவே வைக்கப்பட்டது. ஆர்முக்கும் சப்-ஃபிரேமுக்கும் நடுவில் லிவரைக் கொடுத்து நெம்பினால் நல்ல புஷ்ஷும் சில மில்லிமீட்டர் அசையும். ஆனால் அழுத்தி, சத்தமில்லாமல் போய், விட்டதும் தானே திரும்பிவரும். கெட்டது தடையில்லாமல் போய் முட்டும். மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகள் வயதின் அடையாளம், அதை மட்டும் வைத்து மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உள் உலோகக் குழாயிலிருந்து ரப்பர் பிரிந்திருப்பது, அல்லது எண்ணெய் நிரப்பிய வகை என்றால் அதிலிருந்து திரவம் கசிந்து ஈரமாக இருப்பது, இவைதான் உண்மையான கோளாறு.

அடுத்தது லோயர் பால் ஜாயின்ட், லோயர் ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கும் பந்துமூட்டு. சத்தத்துக்காக மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். மற்ற பாகங்கள் தேய்ந்தால் சத்தம் போடும். இது முற்றிலும் தேய்ந்து கழன்றால் சக்கரம் வெளியே மடிந்துவிழும். சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங், மறையவில்லை என்றால் பால் ஜாயின்ட் அல்லது ஆர்ம் புஷ். பிறகு லிவரை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து நெம்பி, மூட்டில் விரலை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களின் ஸ்ட்ரட் அமைப்பில் இந்த மூட்டில் ஆட்டமே இருக்கக் கூடாது. கண்ணுக்கோ கைக்கோ தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் உள்ள அமைப்பு என்றால் ஸ்பிரிங்கின் பாரம் மூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், அதனால் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தை எடுத்துவிட்டே பார்க்க வேண்டும்.

அதே நிலையில் சக்கரத்தை 3, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே தெரியும் ஆட்டம் பெரும்பாலும் ரேக்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் டை ராடின் வெளி மூட்டான டை ராடு எண்டிலோ, ரேக்கின் ஓரத்தில் ரப்பர் பெல்லோஸுக்குள் மறைந்திருக்கும் ரேக் எண்டிலோ இருக்கும். பெல்லோஸை வெளியிலிருந்து அமுக்கி, உள்ளே இருக்கும் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் ‘டக்’ விரலில் படும். இன்னும் நல்ல சோதனை, காரைச் சக்கரங்களின் மேலேயே நிற்கவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, உதவியாளர் ஸ்டீயரிங்கை ஒரு அங்குலம் அளவுக்கு இடமும் வலமும் வேகவேகமாகத் திருப்ப, நீங்கள் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்ப்பது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் செய்யுங்கள். சக்கரங்கள் நிற்கும்படியான லிஃப்ட் இருந்தால் மிகவும் நல்லது. இந்தச் சோதனையில்தான் ரேக்கின் உண்மை நிலை தெரியும்: ரேக்கைப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட் நகர்கிறதா, தண்டு தன் உறைக்குள் மேலும் கீழும் தட்டுகிறதா, அல்லது சத்தம் மேலே ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டிலிருந்து வருகிறதா என்று.

ரேக் கெட்டிருந்தால் பெரும்பாலும் சத்தம் காலுக்கடியில் மட்டும் கேட்காது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கும் ‘டக் டக்’ என்று வரும். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை. அப்படி இருந்தாலும் முழு ரேக்கையும் மாற்றுவது முதல் வேலை அல்ல. பல ரேக்குகளில் தண்டைப் பல்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங் திருகு இருக்கிறது. கையேட்டில் சொன்ன அளவுக்கு அதை இறுக்கினாலே சத்தம் போய்விடும் சந்தர்ப்பங்கள் உண்டு. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கூடுதலாக இறுக்கினால் மட்டும் ஆபத்து. ரேக் நடுவில்தான் அதிகம் தேயும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கியது ஓரங்களில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது. மின்மோட்டார் ஸ்டீயரிங் தண்டிலேயே பொருத்தப்பட்ட கார்களில், மோட்டாரையும் பல்சக்கரத்தையும் சேர்க்கும் சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இணைப்பு தேய்ந்தும் இதே மாதிரி ‘டிக் டிக்’ வரும். அதற்கு ரேக்கை மாற்றினால் ஒரு பயனும் இருக்காது.

உங்கள் அடையாளங்களோடு பொருந்தாத சிலவற்றைச் சுருக்கமாகத் தள்ளிவைக்கிறேன். ஆக்சிலின் வெளி மூட்டு தேய்ந்தால், ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பி வேகமெடுக்கும்போது சக்கரச் சுற்றோடு தாளம் போட்டு ‘டிக்டிக்டிக்’ என்று வரும். இன்ஜின் மவுண்டிங் போயிருந்தால் கிளட்ச் விடும்போதும், ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதும், கியர் முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாறும்போதும் ஒரு ‘தடக்’ வரும். கார் புறப்பட்டுச் சற்று வேகமெடுத்ததும் ஒரே ஒருமுறை மட்டும் ‘டக்’ என்று கேட்பது பல கார்களில் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, அது கோளாறு அல்ல.

ஆக, உங்கள் கார் விஷயத்தில் என் வரிசை இது. வீல் நட்டுகளும் காலிப்பர் போல்டுகளும் முதலில். பிறகு பால் ஜாயின்ட். அதன் பிறகு லிங்க், வேண்டுமானால் கழற்றிவிட்டு ஓட்டும் சோதனையோடு. அதில் விடை கிடைக்கவில்லை என்றால் ஸ்ட்ரட் மவுண்ட். பிரேக் ‘டக்’குக்கு முன்பின் சோதனையைத் தனியாகச் செய்யுங்கள். லிங்க் தேய்ந்ததே காரணம் என்பது நீங்கள் சொன்னதை வைத்து என் வலுவான ஊகம். ஆனால் அது ஊகம்தான், மூட்டில் விரல் வைத்துப் பார்க்கும்வரை முடிவல்ல. அது என்று உறுதியானால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் அதே தூரம் ஓடிய மற்றது பின்தங்கியிருக்காது.

லோயர் ஆர்ம் அல்லது புஷ் மாற்ற வேண்டி வந்தால் ஒரு விஷயத்தை ஒர்க்‌ஷாப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ரப்பர் புஷ்ஷின் போல்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் பட்டு, காரின் எடை சஸ்பென்ஷனில் இறங்கிய நிலையில்தான் முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் இருக்கும், புதுப் புஷ்ஷும் வெகு சீக்கிரம் கிழியும். ‘மாத்தி ஆறு மாசத்துல திரும்பவும் போச்சு’ என்று சொல்லப்படும் பல புஷ்களின் கதை இதுதான். ஆர்ம், டை ராடு எண்ட் எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். லிங்க் மட்டும் மாற்றினால் தேவையில்லை.

கடைசியாக, அதுவரை ஓட்டலாமா என்ற கேள்வி. வீல் நட், காலிப்பர் போல்ட், பால் ஜாயின்ட், டை ராடு, காயில் ஸ்பிரிங் இந்த ஐந்தையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், தேய்ந்த லிங்கோடோ மவுண்ட்டோடோ சில நாட்கள் மெதுவாக ஓட்டுவதில் உடனடி ஆபத்து இல்லை. அந்த ஐந்தைப் பார்க்காதவரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். சத்தம் திடீரென்று பெரிதாவது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது, பிரேக் பிடிக்கும்போது கார் விலகுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.